இரண்டு கியர்பெட்டி போட்டும் நாலு வேகம் வரவில்லை, மூன்றுதான் வருகிறது (லெகோ டிராக்டர்)

கோட்டையூர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். நானும் எட்டாவது படிக்கும் என் மகளும் லெகோ டெக்னிக் துண்டுகளில் ஒரு டிராக்டர் கட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக் கண்காட்சிக்கு. துண்டுகளெல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வருஷா வருஷம் கொண்டுவந்து சேர்ந்தவை, கூடவே எல் (L) என்ற லெகோ மோட்டார் ஒன்று, ஆறு பேட்டரி போடும் பெட்டி ஒன்று. முதலில் மோட்டாரை நேராகச் சக்கரத்தில் மாட்டி ஓட்டினோம். ஓடியது. "கியர் இல்லாம என்ன டிராக்டர் அப்பா" என்று மகள் கேட்டுவிட்டாள், அங்கே ஆரம்பித்தது வினை.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மோட்டாரிலிருந்து 8 பல் கியர், அது 24 பல் கியரைச் சுற்றுகிறது. அதற்குப் பிறகு இரண்டு வேகப் பெட்டி ஒன்று: ஒரு அச்சில் 16-ம் 12-ம், இரண்டு ஓட்டை தள்ளி அடுத்த அச்சில் 16 பல் கிளட்ச் கியரும் 20 பல் கிளட்ச் கியரும், நடுவே டிரைவிங் ரிங் (கிளட்ச் கியர் அச்சில் சும்மா சுற்றும், ரிங்கைத் தள்ளி அதில் கோத்தால்தான் அச்சோடு சேர்ந்து சுற்றும்). ரிங்கை இந்தப் பக்கம் தள்ளினால் 1:1, அந்தப் பக்கம் தள்ளினால் 12-க்கு 20. இது அருமையாக வேலை செய்தது. சரி, அப்படியே இன்னொன்று கட்டி வரிசையாக மாட்டினால் இரண்டு இரண்டு நாலு என்று கணக்குப் போட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இரண்டாவது பெட்டியும் கட்டியாயிற்று.

சக்கரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, வண்டியைத் தூக்கிப் பிடித்து, மகள் போனில் வீடியோ எடுத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினாள். நாலாவது கியரில் 98. மூன்றாவதில் 59. இரண்டாவதிலும் 59! முதல் கியரில் 36. இரண்டு தரம் எண்ணச் சொன்னேன், அதே 59. நான்தான் எங்கேயோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று முழுக்கக் கழற்றி மறுபடி கட்டினேன், அதே 59.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் பழைய வீட்டுப் பட்டாசாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் தரை, அதில் டிரெய்லரில் அரிசிப் பை வைத்து இழுத்தால் டயர் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது, ஆனால் சத்தம் எதுவும் இல்லை. அதே வண்டியை வெளியே கொண்டுபோய்த் திண்ணைக்குச் சாய்த்து வைத்த சொரசொரப்பான பலகையில் முதல் கியரில் ஏற்றினால் உள்ளே டக் டக் டக் என்று பல் தாண்டுகிறது. டயர் பெரியது, குறுக்களவு 10 செ.மீ.க்கு மேல். வண்டி எடை இரண்டரைக் கிலோ இருக்கும். நல்ல தரையில் ஒழுங்காக இருக்க வேண்டியது ஏன் அங்கே போய் மக்கர் பண்ணுகிறது? யாராவது புரியும்படி சொன்னால் நல்லது, எனக்குப் படிப்பு வணிகவியல்.

ரெண்டாங்கட்டை:

எல் மோட்டாரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய எக்ஸ்எல் மோட்டார் போடுங்கள் சார். முட்டித் தள்ளும் பலம் இரண்டு மடங்குக்கு மேல். பிரச்சினை தீர்ந்தது.

தேவகோட்டை டிராக்டர்:

எக்ஸ்எல் போட்டால் இன்னும் சீக்கிரம் பல் தாண்டும், அவ்வளவுதான் தீரும். மோட்டார் திணறினால் பெரிய மோட்டார் போடலாம். இவருக்கு மோட்டார் திணறவே இல்லை, நடுவில் இருக்கும் கியர்தான் தாங்கவில்லை. தாங்காத இடத்தில் இன்னும் பலத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்?

கோட்டையூர் தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேலாக டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். லெகோ எல்லாம் பேரன் வந்த பிறகு தொட்டது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் எனக்குப் பழகியதுதான், அதனால் எழுதுகிறேன்.

முதல் கோளாறு. நம் ஊரில் ஓடும் டிராக்டர் நிறைய 8 முன்னே, 2 பின்னே என்பார்கள். அதற்காக உள்ளே எட்டு ஜோடி கியர் கிடையாது. நாலு கியர் ஒரு கம்பியில் (லீவரில்), ஹை-லோ, அதாவது வேகம்-மெது, இன்னொரு கம்பியில். நாலு இரண்டு எட்டு. நீங்கள் செய்ததும் அதே யோசனைதான், யோசனையில் தப்பே இல்லை. ஆனால் ஹை-க்கும் லோ-வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அது ரொம்பப் பெரியது. லோ-வில் நாலாவது முடிகிற இடத்துக்குக் கிட்டத்தட்ட ஹை-யில் ஒன்றாவது தொடங்கும். அப்படி இருந்தால்தான் எட்டும் எட்டு வேகமாக இருக்கும். நீங்கள் இரண்டு பெட்டியையும் ஒரே வித்தியாசத்தில் கட்டிவிட்டீர்கள். முதல் பெட்டி மெது, இரண்டாவது பெட்டி வேகம் என்றாலும், முதலாவது வேகம் இரண்டாவது மெது என்றாலும் பெருக்கினால் ஒன்றுதானே? மூன்றஞ்சு பதினஞ்சு, அஞ்சுமூன்றும் பதினஞ்சு. உங்கள் மகள் எண்ணியது நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் கழற்றி மாட்டியதுதான் வீண்.

இரண்டாவது கோளாறு. ஒரு வண்டியில் எது பலவீனமோ அதுதான் முதலில் வழுக்கும். ஆத்தங்குடிக் கல் வழவழவென்று இருக்கும், அங்கே டயர்தான் பலவீனம், அது வழுக்கியதால் கியர் தப்பித்தது. சொரசொரப்பான பலகையில் ரப்பர் நன்றாகப் பிடித்துக்கொண்டது, அப்போது அடுத்த பலவீனம் எதுவோ அதன் தலையில் விழுகிறது. அது உங்கள் கியர்பெட்டி. நல்ல தரையில் நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் நினைத்தது தரை செய்த உபகாரம்.

ஏன் கியர்பெட்டி பலவீனம் என்றால், மோட்டார் பக்கத்திலேயே 8-24 போட்டு வேகத்தை மூன்றில் ஒன்றாக்கிவிட்டீர்கள். வேகம் மூன்றில் ஒன்று என்றால் முறுக்கு (சுற்றித் தள்ளும் பலம்) மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கு முறுக்கும் பாவம் அந்தச் சின்ன 12 பல் வழியாகப் போகிறது. நிஜ டிராக்டரில் இப்படிச் செய்யவே மாட்டார்கள். கியர்பெட்டி ஓரளவு வேகமாகச் சுற்றும், அதற்குப் பிறகு கிரவுன்-பினியன் என்ற ஜோடி கியர், கடைசியில் பின் சக்கரத்தை ஒட்டி 'புல் கியர்' என்ற பெரிய கியர். பெரிய குறைப்பெல்லாம் கடைசியில். முறுக்கு எங்கே தேவையோ அங்கே போய்த்தான் அதை உண்டாக்க வேண்டும், வழியெல்லாம் சுமந்துகொண்டு போகக்கூடாது. அந்த 8-24-ஐக் கழற்றிப் பின் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோங்கள்.

அப்புறம் பல் தாண்டுகிறது என்றால் பல் தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அச்சு இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன, அதனால்தான் தாண்டுகிறது. ஒவ்வொரு அச்சுக்கும் கியருக்கு இரண்டு பக்கமும் பீம் (அச்சைத் தாங்கும் ஓட்டைத் துண்டு) இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கி மறுபக்கம் அந்தரத்தில் இருந்தால் நிஜ இரும்பே வளையும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்.

பல் எண்ணுபவன்:

டிராக்டர் அண்ணன் சொன்னதற்கு மேல் தத்துவம் எதுவும் தேவையில்லை. என்ன கியர் போடுவது என்று மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் லெகோவில் நினைத்த கியரைப் போட முடியாது, ஓட்டைக்கு ஓட்டை 8 மி.மீ. என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். லெகோ கியரில் எத்தனை பல்லோ அத்தனை மி.மீ. விட்டம் (பல் ஒன்றோடொன்று கோக்கும் இடத்தில் அளந்தால்). எனவே இரண்டு கியரின் பல்லையும் கூட்டிப் பாதியாக்கினால் அச்சுகளின் இடைவெளி. கூட்டுத்தொகை 32 என்றால் 16 மி.மீ., அதாவது இரண்டு ஓட்டை. 48 என்றால் மூன்று ஓட்டை. ஆகவே இரண்டு ஓட்டை இடைவெளியில் 8-24, 12-20, 16-16 மூன்றும் கச்சிதமாக உட்காரும். 16-ஐயும் 24-ஐயும் கோத்தால் 20 மி.மீ., இரண்டரை ஓட்டை, அரை ஓட்டைக்கு வேறு வித்தை பண்ண வேண்டும். இதனால்தான் உங்கள் முதல் பெட்டி அவ்வளவு அழகாக அமைந்தது.

இப்போது இரண்டாவது பெட்டி. உங்கள் முதல் பெட்டியின் படி (அதன் இரண்டு வேகத்துக்கும் உள்ள விகிதம்) 20/12, அதாவது 1.67. நாலு வேகமும் சீராக ஏற வேண்டுமென்றால் இரண்டாவது பெட்டியின் படி 1.67 பெருக்கல் 1.67, சுமார் 2.78 இருக்க வேண்டும். எல்லோரும் முதலில் நினைப்பது, "இரண்டாவது பெட்டியைத் திருப்பிப் போட்டு 20-ஆல் 12-ஐச் சுற்றினால் என்ன" என்பது. நானும் நினைத்தேன், கட்டியும் பார்த்தேன். 1, 0.6, 1.67, மறுபடி 1. திரும்பவும் மூன்று வேகம்தான்! படி மாறவில்லை, திசைதான் மாறியது.

ஆனால் 2.78-க்குப் பக்கத்தில் 3 இருக்கிறது. அது 8-24. சிக்கல் என்னவென்றால் 24 பல்லில் ரிங் கோக்கும் கிளட்ச் கியர் உங்களிடம் இல்லை, இருப்பது 16-ம் 20-ம்தான். அதனால் நடுவில் ஒரு அச்சு கூடுதலாகப் போட வேண்டும். மூன்று அச்சு ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் இரண்டு ஓட்டை தள்ளி. முதல் அச்சு என்பது உங்கள் முதல் பெட்டியிலிருந்து வெளியே வரும் அச்சேதான், அதையே நீட்டிக்கொள்ளுங்கள்.

முதல் அச்சில் ஒரு 16, சற்றுத் தள்ளி ஒரு 8. கடைசி அச்சில் இரண்டு 16 பல் கிளட்ச் கியர், நடுவில் ரிங். நடு அச்சில்தான் விஷயம் இருக்கிறது: முதல் அச்சின் 16-க்கு நேரே ஒரு 16 பல் கிளட்ச் கியரை ரிங் இல்லாமல் சும்மா மாட்டுங்கள், அது அச்சோடு ஒட்டாமல் தன் பாட்டுக்குச் சுற்றும், முதல் அச்சின் சுற்றை அப்படியே கடைசி அச்சின் ஒரு கிளட்ச் கியருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அது 1:1 வழி. அதே நடு அச்சில், முதல் அச்சின் 8-க்கு நேரே ஒரு 24 பல்லையும், கடைசி அச்சின் இன்னொரு கிளட்ச் கியருக்கு நேரே ஒரு சாதாரண 16-ஐயும் அச்சோடு சேர்ந்து சுற்றும்படி மாட்டுங்கள். அது 3:1 வழி. இரண்டு வழியும் இரண்டு கோப்பு தாண்டித்தான் வருகின்றன, அதனால் இரண்டிலும் ஒரே திசையில் சுற்றும். எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான். ஒரு கியரில் முன்னேயும் அடுத்த கியரில் பின்னேயும் போகும் வண்டிகளை நிறையக் கட்டியவன் நான்.

பெருக்கிப் பாருங்கள்: 1, 1.67, 3, 5. ஒவ்வொரு படியும் 1.67, 1.8, 1.67. விளையாட்டுச் சாமானில் இதைவிடச் சீராக எதிர்பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அந்த 24 பல்லை வரிசையின் வெளி ஓரத்தில் போடுங்கள், ரிங்குக்கோ கிளட்ச் கியருக்கோ நேராகப் போட்டால் இடிக்கும். அதற்கு நேரே கடைசி அச்சு வெறும் அச்சாக இருந்தால்தான் மயிரிழை இடைவெளியில் தப்பும். பழக்கதோஷத்தில் அங்கே ஒரு புஷ் (அச்சில் மாட்டும் சின்ன வளையம்) மாட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, இந்த அமைப்பில் இரண்டு ரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் பெட்டி பூட்டிக்கொள்ளாது. ஒரே ஜோடி அச்சில் இரண்டு ரிங் போட்டு நாலு கியர் கட்டுபவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கோத்துவிட்டு மோட்டாரைப் புகைய விடுவார்கள். ரிங்கை நடுவில் விட்டால் நியூட்ரல், அது இலவசம்.

இந்த டிரைவிங் ரிங் சமாச்சாரம் முதலில் 1994-இல் வந்த 8880 சூப்பர் கார் என்ற லெகோ செட்டில்தான் வந்தது, நாலு கியர். மலேசியாவில் இருந்த பெரியப்பா வீட்டில் அதைக் கண்ணால் பார்த்து, தொட விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஆள் நான். அந்த வயிற்றெரிச்சலில்தான் இன்றுவரை கியர்பெட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரெண்டாங்கட்டை:

சரி சரி, எக்ஸ்எல் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. குறைப்பைக் கடைசிக்குக் கொண்டுபோனால் கியர்பெட்டி மூன்று மடங்கு வேகமாகச் சுற்றுமே, உராய்வில் பாதி பலம் போய்விடாதா? எல் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 390 சுற்று வரை போகும்.

பல் எண்ணுபவன்:

கொஞ்சம் போகும். 390 ஒன்றும் பெரிய வேகம் இல்லை, மோட்டாருக்குள்ளேயே ஒரு குறைப்பு இருக்கிறது, அதைத் தாண்டித்தான் இந்த 390. அச்சில் புஷ்ஷை இறுக்கி நெருக்காமல் ஒரு தாள் நுழையும் அளவு விட்டாலே பாதி உராய்வு குறையும். அச்சைக் கையால் சுண்டிவிட்டால் தானே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும், உடனே நின்றால் எங்கேயோ நெருக்குகிறது என்று அர்த்தம். நீளமான அச்சு முறுக்கிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள், முதல் அச்சு இரண்டு பெட்டிக்கும் பொது என்பதால் நீளம், அதற்கு நடுவே ஒரு பீம் அவசியம்.

கோட்டையூர் அப்பா:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் 16 பல் கிளட்ச் கியர் இரண்டு குறைந்தது. மொத்தம் நாலு வேண்டும் (முதல் பெட்டியில் ஒன்று, நடு அச்சில் ஒன்று, கடைசியில் இரண்டு), எங்களிடம் இரண்டுதான். ஆன்லைனில் வாங்கிய மலிவுத் துண்டு ஒன்று அச்சில் சுற்றவே இல்லை, பிடித்துக்கொண்டது, ஓட்டை சின்னது போல. இன்னொருவரிடம் பழைய துண்டுகளாக வாங்கினோம்.

நான் புஷ் மாட்டாதீர்கள் என்பதைப் படித்தேன், படித்துவிட்டு மாட்டினேன். 24 பல் அதில் உரசி கரகரவென்று ஒரு சத்தம். மகள்தான் போனில் உங்கள் பதிலைத் திறந்து அந்த வரியை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

இப்போது கணக்கு, அதே ஸ்டிக்கர் பொட்டு, அதே வீடியோ: 92, 56, 31, 19. நாலும் வேறு வேறு! முன்பு 98 இருந்தது 92 ஆகியிருக்கிறது, கூடுதல் அச்சுக்குக் கொடுத்த கூலி என்று வைத்துக்கொள்கிறேன். பல் தாண்டும் சத்தம் இல்லை. பலகையில் முதல் கியரில் அரிசிப் பையோடு ஏறி, திண்ணை விளிம்பில் வந்து நின்றது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு "இத்தனை மெதுவாப் போறதுக்கா இவ்வளவு நாளு?" என்றார்கள்.

இரண்டு சந்தேகம். மோட்டார் 390 என்கிறீர்கள், மூன்றால் வகுத்தால் 130 வர வேண்டும், எங்களுக்கு ஏன் 92? இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டியிருக்கிறது, கை தடுமாறுகிறது. இதையும் மோட்டாரில் செய்ய வழி உண்டா?

பல் எண்ணுபவன்:

பேட்டரிப் பெட்டிக்குள் சார்ஜ் ஏற்றும் பேட்டரியா போட்டிருக்கிறீர்கள்? அது ஒன்று 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2-தான், 9 இல்லை. 390 என்பது 312 ஆகிவிடும், மூன்றால் வகுத்தால் 104. மிச்சம் 12 சுற்று உராய்வு. எனக்கு இது நல்ல பெட்டியாகத்தான் தெரிகிறது.

மோட்டாரில் கியர் மாற்ற எளிய வழி சர்வோ மோட்டார், இந்தப் பக்கம் 90 பாகை அந்தப் பக்கம் 90 பாகை திரும்பி நிற்கும். ஒரு ரிங்குக்கு ஒன்று, இரண்டு வேண்டும், கொஞ்சம் செலவு. சாதாரண மோட்டாரால் தள்ளுவதென்றால் இடையில் அந்த வெள்ளை 24 பல் வழுக்கும் கியரைப் போடுங்கள், அதன் மேலேயே 2.5 முதல் 5 நியூட்டன் செ.மீ. என்று எழுதியிருக்கும். கம்பி ஓரத்தில் போய் முட்டியதும் அது வழுக்கிக்கொள்ளும், மோட்டார் திணறாது. ஆனால் அதை வண்டி ஓடும் பாதையில் போடாதீர்கள், ஏற்றம் ஏறவே விடாது.

தேவகோட்டை டிராக்டர்:

கண்காட்சிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். நாள் குறைவு என்றால் கையாலேயே மாற்றுங்கள் தம்பி. நிஜ டிராக்டரிலும் ஹை-லோ மாற்றும்போது வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும், ஓட்டத்தில் தள்ளினால் கியர் கத்தும். உங்களுக்கும் அதே சட்டம்தான், சுமை இருக்கும்போது ரிங் கழன்று வராது, மோட்டாரை ஒரு நொடி அணைத்து, ஹை-லோ கம்பியைத் தள்ளி, பிறகு கியர் கம்பியைத் தள்ளி, மறுபடி போடுங்கள். பாப்பாவுக்கு அந்த இரண்டு கம்பியிலும் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள் ஒட்டிக் கொடுங்கள். பார்க்க வருகிறவர்கள் கேட்டால் எந்தக் கம்பி எத்தனை பல்லைக் கோக்கிறது என்று அவளே சொல்வாள், மோட்டார் தள்ளினால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கோட்டையூர் அப்பா:

ஒன்பது நாள் இருக்கிறது அண்ணே. கையால்தான். சிவப்பும் மஞ்சளும் ஒட்டியாயிற்று. ரிவர்ஸ் கியர் வேண்டும் என்கிறாள் இப்போது, பேட்டரி ஸ்விட்சைத் திருப்பினால் பின்னே போகும் என்று சொன்னேன், "அது ஏமாத்து" என்கிறாள்.